நாளைக் கெடுத்தவர் யார்?

இல்லறத்தில் வாழ்வோர்க்குக் குடும்பத்தார் அனைவரும் ஒருங்குகூடி ஒரு பகற்பொழுதைக் கழிப்பது எளிதில் வாய்ப்பதன்று. ஒருவர்க்கு அலுவலகத்தில் விடுப்புக் கிடைத்தால் மற்றொருவர்க்குக் கிடைப்பதில்லை. வயல் வைத்திருப்போர்க்கு நடவும் அறுவடையும் குறுக்கே நிற்கும். பிள்ளைகளுக்குத் தேர்வு வரும். இவற்றுக்கிடையே தேடிப்பிடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கிறோம். வேன் பேசி முன்பணம் கொடுக்கிறோம். வீட்டுப் பெண்கள் விடியலிலேயே எழுந்து புளியோதரையும் எலுமிச்சை சாதமும் கிளறிக் கட்டுகின்றனர். வடிகட்டிக் காய்ச்சிய நீரை ஆற்றித் தூக்குகளில் நிரப்புகின்றனர். நம் குடும்பங்களில் உல்லாசப் பயணம் என்றும் தல யாத்திரை என்றும் இரண்டு தனித்தனியே இருப்பது அரிது. காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம், வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர்மலை, போளூருக்கு அருகிலுள்ள திருமலை என்று வழிபாடும் மகிழ்ச்சியும் ஒரே நாளில் சேர்ந்தே அமைகின்றன.

அத்தகைய நாளில் ஒருவர் நோயுற்றுவிட்டால் என்ன செய்கிறோம்? மருந்து தேடுகிறோம், மருத்துவரைத் தேடுகிறோம். இவற்றோடு நாம் அறியாமலேயே இன்னொன்றையும் தேடுகிறோம்: இந்த நாளைக் கெடுத்தவர் யார் என்று தேடுகிறோம். கேள்வி சிறியதாகத் தோன்றும். ஆயினும் ஜினாலயத்தில் நாம் கேட்ட அறம் நம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்திருக்கிறதா என்பதை இச்சிறு கேள்வியே அளந்து காட்டிவிடுகிறது. ஆகவே அதனைச் சற்று நின்று எண்ணிப் பார்ப்போம்.

வேனுக்குள் கேட்கும் சொற்கள்

ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக மனத்திற் கொள்வோம். சென்னையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்ட பன்னிருவர். திருப்பருத்திக்குன்றத்தில் திரைலோக்கியநாதரை வணங்கி, இருகப்பர் எடுப்பித்த சங்கீத மண்டபத்தின் விதான ஓவியங்களைக் கண்டு களித்தாயிற்று. வேன் வந்தவாசியை நெருங்கும் வேளையில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிறாள். பொன்னூர்மலை அடிவாரத்தை அடைவதற்குள் மும்முறை வாந்தி, வயிற்றுப்போக்கும் தொடங்கிவிட்டது. மலைமேல் ஆசாரியர் குந்தகுந்தரின் திருவடிகளைத் தரிசிக்க ஏறுபவர் யார்? அடிவாரத்தில் குழந்தையோடு இருப்பவர் யார்? அங்கிருந்து திருமலைக்குச் செல்வதா, வீடு திரும்புவதா?

அப்போது எழும் சொற்கள் நம் செவிக்குப் பழக்கமானவை. “புறப்படும்போதே முகம் வாடியிருந்ததே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்பார் பெரியப்பா. “கண்டதையும் வாங்கிக் கொடுத்தால் இப்படித்தான்” என்பார் அத்தை. “திருமலை இந்த முறையும் இல்லை என்றாகிவிட்டது” என்று பெருமூச்சு விடுவார் தாத்தா. “சுவாமி பார்க்க வந்த இடத்தில் இப்படி ஆகிறதே, என்ன வினையோ!” என்பார் பாட்டி.

இவர்களுள் எவரும் கொடியவர் அல்லர். அனைவரும் அக்குழந்தையின்பால் அன்புடையவர்களே. களைப்பும் வெயிலும் ஏமாற்றமும் அவர்களைப் பேசவைக்கின்றன. ஆனால் தாயின் மடியில் கண்மூடிக் கிடக்கும் சிறுமி இச்சொற்கள் நான்கையும் கேட்கிறாள். அவள் உள்ளத்தில் அவை ஒரே சொல்லாகத் திரள்கின்றன: “என்னால்தான் எல்லாம் கெட்டது.” வயிற்றுவலி ஒன்றோடு வந்த குழந்தைக்கு இப்போது வலி இரண்டாகிறது. முதல் வலியை நாம் தரவில்லை. இரண்டாவது வலி நம் வாயிலிருந்து பிறந்தது.

வினை என்னும் சொல்

வினைக்கொள்கை நம் சமயத்தின் உயிர்நிலை. இன்ப துன்ப நுகர்ச்சியைத் தருவது வேதனீய கர்மம். அதனுள் துன்பம் தருவது அசாதா வேதனீயம். நோயும் அதன் உதயத்தால் வருவதே என்று கற்றிருக்கிறோம். இதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு கொள்கை உண்மையாக இருப்பது வேறு. அதனை எந்த நேரத்தில், யாரை நோக்கி, எந்தக் குரலில் கூறுகிறோம் என்பது வேறு. தன் துன்பத்தைத் தாங்கிக்கொள்ள ஒருவர் தமக்குத் தாமே “இது என் பழவினை” என்று கூறிக்கொண்டால், அச்சொல் அவருக்கு ஊன்றுகோல். அதே சொல்லை மற்றொருவர் அவரை நோக்கிக் கூறினால், அது கோலாகவே இருந்தாலும் அடிக்கும் கோல் ஆகிவிடுகிறது.

எந்தப் பிறவியில் எந்த உயிர் எதனைச் செய்தது, அதன் பயன் எப்போது பழுக்கும் என்பதைக் கேவல ஞானி ஒருவரே அறிவார். நம்மிடம் அந்த அறிவு இல்லை. அறியாத ஒன்றை அறிந்தவர்போல் நோயாளியின் தலையில் ஏற்றுவது வினைக்கொள்கைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

மேலும் ஒரு பிழை இதனோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. யாத்திரையில் நோய் வந்தால், “ஏதோ குறை வைத்துவிட்டோம், தெய்வத்துக்குப் பொறுக்கவில்லை” என்று அஞ்சுவோர் உள்ளனர். விருப்பும் வெறுப்பும் கடந்த வீதராகர் எவரையும் ஒறுப்பதில்லை. எவர்க்கும் நோய் அனுப்புவதில்லை. அவ்வாறு எண்ணுவது நம் பெரியோர் விலக்கச் சொன்ன மூவகை மூடங்களுள் ஒன்றாகிய தேவ மூடத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். வாந்திக்குக் காரணம் வயிற்றில் இருக்கிறது, கருவறையில் இல்லை.

வினையும் நிமித்தமும்

வினை பழுத்துப் பயன் தருவதற்குப் பொருள், இடம், காலம், பாவம் ஆகியவை நிமித்தமாக வேண்டும் என்று நம் ஆகமங்கள் கூறுகின்றன. விதை இருந்தும் ஈரம் இல்லையேல் முளை இல்லை. ஆகவே வினைக்கொள்கை கைகட்டி இருப்பதற்குக் கூறப்பட்டது அன்று. நிமித்தத்தை மாற்றும் முயற்சி நம் கையில் இருக்கிறது.

இதற்கு அண்மை வரலாற்றிலிருந்து ஒரு சான்று காட்டலாம். 1971ஆம் ஆண்டில் வங்கதேச விடுதலைப் போரின்போது பல இலட்சம் அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தனர். எல்லையோர ஊராகிய பன்காவில் வாந்திபேதி பரவியது. நரம்பின் வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோகும் நிலை. டாக்டர் திலீப் மகலநாபிஸ் என்பவர், சுத்தமான நீரில் குளுக்கோஸும் உப்பும் சோடா உப்பும் உரிய அளவில் கலந்து, அதனை வாய்வழியே பருகக் கொடுக்கச் செய்தார். பணியாளர் போதாமையால் நோயாளிகளின் உறவினர்களே குவளையால் முகந்து புகட்டினர். அதற்கு முன் நூற்றுக்கு முப்பதுபேர் வரை மடிந்துகொண்டிருந்த நிலை மாறி, அவர் மேற்பார்வையில் இருந்தவர்களுள் இறந்தோர் நூற்றுக்கு நான்குபேருக்கும் குறைவாயினர். 1978ஆம் ஆண்டில் புகழ்பெற்ற ‘லான்செட்’ மருத்துவ இதழ், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரால் உடல் வறட்சியைப் போக்கும் இம்முறையை அந்நூற்றாண்டின் மிகச்சிறந்த மருத்துவ முன்னேற்றமாகவே கருதலாம் என்னும் பொருள்பட எழுதியது. மகலநாபிஸ் 2022ஆம் ஆண்டு மறைந்தார். 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

அந்த முகாமில் கிடந்தவர்களை நோக்கி, “உங்கள் வினை” என்று கூறி எவரேனும் அகன்றிருந்தால், அச்சொல்லில் சாத்திரப் பிழை எதனையும் கண்டுபிடிக்க இயலாமலே போயிருக்கலாம். ஆனால் குவளையை எடுத்த கைகள் அல்லவா உயிர்களைக் காத்தன! வினையின் உதயத்தைக் கண்டு இரங்கி, நிமித்தத்தை மாற்ற முனைவதே அகிம்சையின் செயல் வடிவம்.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். நீரை மடித்த துணியால் வடிகட்டியே பருகவேண்டும் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் ஒழுக்கம். நுண்ணுயிர்களுக்குத் துன்பம் நேராமைக்காக ஏற்பட்ட அந்த ஒழுக்கம் மனிதர்க்கும் காப்பாக அமைவது எண்ணத்தக்கது. வங்கதேசத்தில் 65 சிற்றூர்களில் நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2003ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பல மடிப்பாக மடித்த சேலைத்துணியால் நீரை வடிகட்டிப் பருகியவர்களிடையே வாந்திபேதி ஏறத்தாழப் பாதியளவு குறைந்தது என்று அது கண்டது. வடிகட்டுவதால் மட்டும் எல்லாக் கிருமியும் நீங்கிவிடாது, காய்ச்சுதலும் வேண்டும். இங்கு நாம் கொள்ளத்தக்கது, நிமித்தத்தைக் குறித்து விழிப்பாக இருத்தல் நம் ஒழுக்கத்துக்குப் புதியதன்று என்பதே.

உத்தாயன மன்னன் காட்டிய வழி

நற்காட்சிக்கு உறுப்புகள் எட்டு. அவற்றுள் மூன்றாவது நிர்விசிகித்சை. இதனைத் தமிழில் உவர்ப்பின்மை என்பர். அருவருப்புக் கொள்ளாமை என்பது அதன் பொருள். சமந்தபத்திர சுவாமிகளின் இரத்தினகரண்டகத்திலும், அதன் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பிலும் இவ்வுறுப்புகள் விளக்கப்பெறுகின்றன. இந்த மூன்றாம் உறுப்புக்கு எடுத்துக்காட்டாக நிற்பவன் உத்தாயன மன்னன்.

அவன் உள்ளத்தைச் சோதிக்க விரும்பிய தேவன் ஒருவன் தொழுநோயுற்ற முனிவர் வடிவில் அரண்மனைக்கு வந்தான். மன்னன் எதிர்கொண்டு வணங்கி உணவளித்தான். உண்டு முடித்த முனிவர் நாற்றம் மிகுந்த வாந்தியை எடுத்தார். அருகில் நின்ற ஏவலர் தாங்கமாட்டாமல் ஓடினர். மன்னனும் அரசி பிரபாவதியும் அகலவில்லை. அரசியின்மேலும் வாந்தி தெறித்தது. அப்போது மன்னன் வருந்தியது தன் ஆடைக்காகவோ அரண்மனைக்காகவோ அன்று. முனிவரின் உடலுக்கு ஒவ்வாத உணவை நான் அளித்துவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டு, நீர் கொண்டு அவர் உடலைத் தூய்மை செய்தான்.

இக்கதையைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அதில் வரும் வாந்தியை மட்டும் கதைக்குரிய வாந்தியாகக் கருதி, வேனின் இருக்கையில் வழியும் வாந்தியை வேறாகக் கருதிவிடுகிறோம். இரண்டும் ஒன்றே. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. “நீர் எதைத் தின்றீர்?” என்று உத்தாயனன் கேட்கவில்லை. “நான் எதைக் கொடுத்தேன்?” என்று கேட்டான். குற்றம் தேடும் விரல் வெளியே நீளாமல் உள்ளே திரும்பியது. நோயாளியின் முன்னிலையில் நமக்கு வேண்டியது இந்தத் திருப்பமே.

அகத்தவங்கள் ஆறனுள் ஒன்றாக வையாவிருத்தியம் எண்ணப்படுகிறது. தத்துவார்த்த சூத்திரம் தொண்டு செய்யத் தக்கவர் பதின்மரைக் கூறுமிடத்து, நோயுற்றவரையும் அவர்களுள் ஒருவராக வைக்கிறது. அங்கே முதன்மையாகக் கருதப்படுவோர் துறவிகளே. ஆயினும் இல்லறத்தார்க்கு அதன் முதற்பாடம் வீட்டிலேதான் தொடங்கவேண்டும். மடியில் கிடக்கும் குழந்தையின் வாயைத் துடைக்கக் கூசும் கை, நாளை முனிவர்க்குத் தொண்டு செய்ய எங்கே பழகும்?

ஏமாற்றமும் உண்மையே

இவ்வாறு கூறுவதால், நாள் கெடவே இல்லை, எல்லாம் நன்மைக்கே என்று நாம் கூறவில்லை. அத்தகைய ஆறுதல் பல நேரங்களில் பொய்யாகவே முடியும். திருமலையைக் காணவேண்டும் என்று ஓராண்டாகக் காத்திருந்த முதியவர்க்கு அந்த இழப்பு மெய்யான இழப்பு. அடுத்த ஆண்டு அவர் முழங்கால் படியேற இசையுமா என்பதை எவர் அறிவார்? மலையேற ஆவலோடு வந்த மற்றப் பிள்ளைகளின் ஏமாற்றமும் மெய்யே. “உடம்பு சரியில்லாதபோது உனக்கென்ன விளையாட்டு?” என்று அப்பிள்ளைகளை அதட்டுவது, ஒரு குழந்தைக்காக இன்னொரு குழந்தையை வருத்துவதாகும்.

நம் நூல்கள் இம்மனநிலைகளை நுட்பமாகப் பகுத்துக் காட்டியுள்ளன. ஆர்த்த தியானம் நான்கு வகை. விரும்பாததோடு சேர நேர்ந்ததை எண்ணி வருந்துதல், விரும்பியது பிரிந்ததை எண்ணி வருந்துதல், உடல் வேதனையிலேயே மனம் அழுந்துதல், இனி வரும் இன்பத்தைக் குறித்து ஏங்குதல் என்பன அவை. வேதனையில் சிறுமி, கைவிட்டுப்போன திருமலையில் தாத்தா, மூக்கை மூடிக்கொண்ட சித்தப்பா, “அடுத்த தடவையாவது எல்லாம் நாம் நினைத்தபடி அமையவேண்டும்” என்று ஏங்கும் இளையவர் என அந்த ஒரு வேனுக்குள் இந்நான்கின் சாயலையும் காணலாம். விரதம் ஏலாத இல்லறத்தார்க்கும் விரதம் ஏற்ற இல்லறத்தார்க்கும் ஆர்த்த தியானம் எழும் என்றே நூல் கூறுகிறது. ஆகவே அது எழுந்ததற்காக ஒருவரையொருவர் இகழவேண்டியதில்லை.

எழுந்தது எதுவாக மாறுகிறது என்பதில்தான் அறம் இருக்கிறது. தனக்கோ பிறர்க்கோ இருவர்க்குமோ துன்பமும் துயரமும் மனவெதும்பலும் விளைவித்தல் அசாதா வேதனீயம் வந்து கட்டுவதற்குக் காரணம் என்று அதே நூல் கூறுகிறது. இதனை வேனுக்குள் வைத்துப் பார்ப்போம். சிறுமியின் நோய் பழைய கணக்கு, இன்று கழிந்துகொண்டிருக்கிறது. அவளை நோக்கி வீசப்படும் சுடுசொல் புதிய கணக்கு, இன்று எழுதப்படுகிறது. எழுதிக்கொள்பவர் நோயாளி அல்லர், நலமாக இருப்பவர். நாளைக் கெடுத்தவர் யார் என்னும் கேள்விக்கு விடை இங்கே தென்படத் தொடங்குகிறது.

மறைக்கப்படும் நோய்

இதன் விளைவு ஒருநாள் மனத்தாங்கலோடு நின்றுவிடுமாயின் இவ்வளவு எழுதவேண்டியதில்லை. நோயுற்றவரை நாளைக் கெடுத்தவராகக் காணும் வீடு, தன் மக்களுக்கு ஒரு பாடத்தைச் சொல்லாமலே கற்பித்துவிடுகிறது. நோயை மறைக்கவேண்டும் என்பதே அப்பாடம்.

இன்று வேனில் குறுகிக் கிடந்த சிறுமி நாளை மருமகளாகிறாள். புறப்படும் நாளன்று காய்ச்சல் அடிக்கிறது. மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு அனைவர்க்கும் சோறு கட்டுகிறாள். “என்னால் யாருக்கும் தொந்தரவு வேண்டாம்” என்கிறாள். அதனைப் பொறுமை என்று நாம் புகழ்கிறோம். மார்பில் இறுக்கம் தோன்றிய தாத்தா, பேரன் பேத்திகளின் மகிழ்ச்சி கெடவேண்டாம் என்று கருதி, வாயுவாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு படியேறுகிறார். இதய நோயின் அறிகுறி எல்லார்க்கும் மார்புவலியாகவே வருவதில்லை. முதியோர்க்கும் பெண்களுக்கும் நீரிழிவு உடையோர்க்கும் மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, தாடையிலோ தோளிலோ வலி, மேல்வயிற்று வேதனை, காரணமற்ற சோர்வு என வேறு உருவங்களிலும் வரக்கூடும். அந்நிலையில் கடக்கும் ஒவ்வொரு நாழிகையும் இதயத் தசையை அழிக்கிறது. ஒருநாள் மகிழ்ச்சியைக் காப்பதற்காக மறைத்த நோய், பல்லாண்டு மகிழ்ச்சியைக் கொண்டுபோய்விடலாம்.

முனிவர்கள் வெல்லவேண்டிய இருபத்திரண்டு பரீஷகங்களுள் நோயும் ஒன்றன்றோ, பொறுத்தல் அறமன்றோ என்று கேட்கலாம். முனிவர் அறிந்து ஏற்றுப் பொறுக்கிறார். எவர்க்கும் அஞ்சி மறைப்பதில்லை. வீட்டில் ஒருவர் நம் முகச்சுளிப்புக்கு அஞ்சி நோயை மறைத்தால் அது பரீஷக ஜயம் ஆகாது. அது அச்சம். அந்த அச்சத்தை விளைவித்தவர் நாம். உயிர்களுக்கு அபயம் அளித்தலைத் தானங்களுள் ஒன்றாகப் போற்றும் நாம், “எனக்கு உடம்பு சரியில்லை” என்று அஞ்சாமல் சொல்லும் உரிமையை நம் வீட்டாருக்கு முதலில் அளிக்கவேண்டாவா?

உடன் இருப்பவர்

மற்றொரு கேள்வியும் உண்டு. நோயாளியோடு அடிவாரத்தில் தங்குபவர் யார்? நம் குடும்பங்களில் பெரும்பாலும் இதற்கு ஆலோசனையே நடப்பதில்லை. குழந்தையின் தாய் தங்குவாள். மாமியார்க்கு உடல்நலம் இல்லையாயின் மருமகள் தங்குவாள். விடியலில் முதலில் எழுந்தவளும் அவளே. மலையைக் கீழிருந்தே கண்டு திரும்புபவளும் அவளே. அவளுக்கும் தரிசன ஆவல் உண்டு என்பது எவர் நினைவுக்கும் வருவதில்லை. தொண்டு புண்ணியம் என்று அவளைத் தேற்றுவோர், அந்தப் புண்ணியத்தில் தமக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று கேட்பதில்லை!

இதற்குப் பெரிய தியாகம் எதுவும் வேண்டியதில்லை. முதலில் ஏறியவர்கள் இறங்கி வந்ததும், “நாங்கள் தரிசித்துவிட்டோம். குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் வா அம்மா” என்று மாமனாரோ கொழுந்தனோ கூறினால் போதும். கணவன் கூறினால் இன்னும் சிறப்பு. முறைவைத்துத் தங்கும் வழக்கம் ஒரு குடும்பத்தில் ஏற்பட்டுவிட்டால், நோய் ஒருவர்க்கு மட்டும் சுமையாகாது. பிள்ளைகளும் அதனைக் கண்டு பழகுவர்.

கதிரவன் மறைந்தபின்

திரும்பும் வழியில் பொழுது சாய்ந்துவிட்டால் வேறொரு தயக்கம் எழும். இரவில் உண்ணாமை நாம் போற்றிக் காத்துவரும் ஒழுக்கம். வாந்தியாலும் பேதியாலும் வறண்டு கிடக்கும் குழந்தைக்கு அந்நேரத்தில் உப்புச்சர்க்கரை நீரைக் கொடுக்கலாமா என்று பெரியவர்கள் தயங்குவதுண்டு. விரதம் என்பது ஏற்றவர் தம் உயிருக்குத் தாமே வகுத்துக்கொண்ட எல்லை. குழந்தை எந்த விரதத்தையும் ஏற்கவில்லை. நம் விரதத்தின் சுமையை அதன் வறண்ட நாவின்மேல் ஏற்றினால் துன்புறுத்தலே எஞ்சும். நோயுற்ற குழந்தைக்கு நீரும் மருந்தும் எந்நேரத்திலும் உரியவை என்பதே எம் துணிபு. விரதம் பூண்ட பெரியோர் தம் விரதத்தைத் தாம் காக்கட்டும். அதே கையால் குழந்தைக்கு நீரும் புகட்டட்டும். இரண்டுக்கும் பகை இல்லை.

பயணப் பையில் அதற்குரிய பொட்டலம் ஒன்றிரண்டு இருத்தல் நன்று. பொட்டலத்தில் குறித்த அளவு நீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுவதையும் ஒரேயடியாகக் கரைக்கவேண்டும். பொட்டலம் இல்லாவிடத்து, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பு மிகுதல் தீங்கு. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் சிறிது சிறிதாகக் கரண்டியால் கொடுக்கவேண்டும். கண் குழிதல், சிறுநீர் கழியாமை, சோர்ந்து மயங்குதல், மலத்தில் இரத்தம், எதுவும் பருக இயலாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதம் கூடாது. உடனே மருத்துவமனையை நாடவேண்டும். ஒளடத தானம் என்று நாம் போற்றுவது இத்தகைய சிறு ஆயத்தங்களிலிருந்தே தொடங்குகிறது.

விடை

இனி முதற்கேள்விக்கு வருவோம். நாளைக் கெடுத்தவர் யார்? நோயாளி அல்லர், அவர் நாளும் கெட்டுத்தான் போயிற்று, நம்முடையதைக் காட்டிலும் மிகுதியாக. நோயும் அந்த நாளின் ஒரு பகுதியைத்தான் எடுத்துக்கொண்டது. எஞ்சிய பகுதி நம் கையில் இருந்தது. அதனை இன்சொல்லால் நிறைத்தோமா, குற்றச்சாட்டால் நிறைத்தோமா என்பதைக் கொண்டே அந்நாள் கெட்டதா இல்லையா என்பது முடிவாகும். குடும்ப நாள் என்று நாம் குறித்தது குடும்பத்தார் அனைவர்க்கும் உரிய நாள். நோயுற்றவர் அந்த ‘அனைவர்’ என்னும் சொல்லிலிருந்து ஒருநாளும் விலக்கப்படுபவர் அல்லர்.

திருமலையில் பதினாறு அடி உயரத்தில் பாறையில் செதுக்கப்பெற்று நிற்கிறார் நேமிநாதர். நூற்றாண்டுகள் பலவாக நிற்பவர், நாம் அடுத்த திங்கள் சென்றாலும் அங்கேயே நிற்பார். ஒரு குழந்தையின் உள்ளத்தில் இன்று விழுந்த சொல்லை அடுத்த திங்கள் சென்று திரும்ப எடுத்துவர இயலாது.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை வேன் பேசும்போது, எவரேனும் நோயுற்றால் எங்கே நிறுத்துவது, யார் முதலில் தங்குவது என்பதையும் பேசி வைத்துக்கொள்வோம். எவரும் நோயை மறைக்கவேண்டியதில்லை என்பதைப் புறப்படும்போதே பிள்ளைகளின் செவியில் போட்டுவைப்போம். வழியில் ஒருவர் வாடினால், “எதைத் தின்றாய்?” என்னும் கேள்விக்கு முன் “எங்கே வலிக்கிறது?” என்னும் கேள்வி நம் நாவில் வரட்டும். அவ்வாறு வரும் வீட்டில் நற்காட்சியின் மூன்றாம் உறுப்பு தழைத்து நிற்கும். அறம் வளர்க!